எட்டு புள்ளி நாற்பத்திரண்டு

உடம்பு முழுக்க எண்ணெய், இடுப்பில் ஒரு துண்டு, கையில் சோப்புப் பெட்டி. இந்தக் கோலத்தில்தான் இரண்டு வருடம் நான்கு மாதத்துக்குப் பிறகு முகம்மது இஸ்மாயிலின் முன்னால் போய் நின்றேன்.

குற்றாலத்தில் சீசன் சமயம் இந்தக் கோலத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பேரருவிக்குப் போகிற பாதிப்பேர் அப்படித்தான் போவார்கள். சாரல் விழுந்துகொண்டிருந்தது. மத்தியானம் மூன்று மணிக்கே கடைகளில் விளக்குப் போட்டிருந்தார்கள். மங்குஸ்தான் விற்கிற கடைக்கும் நேந்திரங்காய் வறுக்கிற அடுப்புக்கும் நடுவில் ஒரு வெளிநாட்டுச் சாமான் கடை. ஜப்பான் டேப் ரெக்கார்டர், கோடாலித் தைலம், செண்டு பாட்டில், நைலக்ஸ் சேலை. மேஜையின் ஓரத்தில், அதன் அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில், அந்த விளக்கு இருந்தது. கறுப்பு அடிப்பாகத்திலிருந்து கண்ணாடி இழைகள் கொத்தாக மேலே வந்து நாலாபக்கமும் வளைந்து நின்றன. ஒவ்வொரு இழையின் நுனியிலும் ஒரு பொட்டு வெளிச்சம், நீலமும் பச்சையும் சிவப்புமாக மாறிக்கொண்டிருந்தது. அந்த வருடம் துபாயிலிருந்து ஆள் வந்த வீடுகளில் எல்லாம் இது ஒன்று இருந்தது. ஊரில் எல்லோருக்கும் அது அழகுச் சாமான். எனக்குச் சோறு போடுவதே அந்த இழைதான். அதனால் குனிந்து நுனிகளைப் பார்த்தேன். பாதி நுனிகள் முறிந்து மொண்ணையாக இருந்தன. கண்ணாடித் தூள் கீழே உதிராமலிருக்க விளக்குக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணி விரித்திருந்தது. துணியின் நான்கு மூலைகளும் செல்லோடேப்பால் மேஜையோடு ஒட்டப்பட்டிருந்தன. ஒட்டியிருந்த விதத்தைப் பார்த்ததுமே ஓரடி பின்னால் வைத்தேன். அப்படி ஒட்டுகிற ஒரே ஆளை எனக்குத் தெரியும்.

"சார்! எப்ப வந்திய?"

ஓடியிருக்கலாம். எண்ணெய் பூசிய மேனியோடு எங்கே ஓடுவது?

"முந்தாநாள் வந்தேன் இஸ்மாயில். கீழப்பாவூர்ல கோயில் காரியம் ஒண்ணு."

"உக்காருங்க சார். எண்ணெ கெடந்தா கெடக்கு, ஸ்டூல்தான. சைதூன், சார் வந்திருக்காவ பாரு. நான் சொல்லுவம்லா, பெங்களூர் சாரு."

அவன் முகத்தில் இருந்தது சந்தோஷம்தான். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. கோபமாக இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். கோபக்காரர்களைச் சமாளித்துத்தான் நான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

நாங்கள் செய்துகொண்டிருந்த வேலையைச் சொன்னால்தான் நான் செய்த காரியம் புரியும். காற்று மண்டலத்துக்கு மேலே, விண்வெளியில், இரண்டு தொலைநோக்கிகளை நூறு மீட்டர் இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். இரண்டிலும் விழுகிற ஒரே நட்சத்திரத்தின் ஒளியைக் கண்ணாடி இழைகள் வழியாக ஓரிடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தால், நூறு மீட்டர் அகலத்துக்கு ஒரே தொலைநோக்கி செய்து பார்க்கிற அளவு நுணுக்கம் கிடைக்கும். இரண்டு ஒளியும் சரியாகச் சேர்ந்தால் கறுப்பும் வெளுப்புமாக வரிகள் தோன்றும். அந்த வரிகள்தான் எங்கள் தெய்வம். ஆனால் அவை சும்மா காட்சி தராது. இரண்டு ஒளியும் நடந்து வந்த தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் இருந்தாலும் வரிகள் மறைந்துவிடும். இதை அண்ணாந்து பார்த்துச் சொல்கிறேனே தவிர, என்னிடம் இருந்தது விண்வெளி அல்ல. பெங்களூரில் ஓர் இருட்டறை, ஒரு கல் மேஜை, இரண்டு சின்ன லென்ஸ்கள். தகட்டில் போட்ட ஊசித்துளைக்குப் பின்னால் எரிகிற பல்புதான் நட்சத்திரம். இருபது மீட்டர் இழை இரண்டு, தனித்தனி அலுமினியப் பெட்டிகளில் சுருட்டி வைத்தது. தூரத்தைச் சரிக்கட்ட ஒரு நகரும் கண்ணாடி, அதில் ஒரு திருகு அளவுகோல்.

இழையை வெட்டுவது இஸ்மாயிலின் வேலை. தென்காசிக்காரன், ஐ.டி.ஐ. படித்தவன், கை சுத்தம் என்று நான்தான் தற்காலிக வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வைரமுனையால் இழையில் ஒரு கீறல் போட்டு, விரல்மேல் வளைத்து ஒரு இழுப்பு இழுப்பான். டிக்கென்று ஒரு சத்தம் வரும். நுனி கண்ணாடி போல இருக்கும். அதே வேலையை நான் செய்தால் பத்தில் எட்டு பாழாகும். வெட்டி விழுந்த துண்டு எவ்வளவு சின்னதானாலும் செல்லோடேப்பில் ஒற்றி எடுத்து, தேதி போட்டு ஒரு நோட்டில் ஒட்டி வைப்பான். கண்ணாடித் துகள் யார் காலிலும் ஏறிவிடக் கூடாது என்பது அவனுடைய சட்டம். அந்த அறைக்குள் செருப்பும் கூடாது, காப்பியும் கூடாது என்பதும் அவனுடைய சட்டம்தான். நான் போடவேண்டிய சட்டத்தை அவன் போட்டான்.

எண்பத்து நாலு மார்ச்சில் பணம் ஒதுக்குகிற குழு பார்க்க வந்தது. முதல் நாள் சாயங்காலம் எட்டு புள்ளி நாற்பத்திரண்டு மில்லிமீட்டரில் வரிகள் அற்புதமாக நின்றன. மறுநாள் காலை எனக்குக் கை கால் ஓடவில்லை. வீட்டிலிருந்து கூஜாவில் கொண்டுபோன காப்பியை டவராவில் ஊற்றி, இஸ்மாயில் வெளியே போன நேரமாகப் பார்த்து உள்ளேயே குடிக்க ஆரம்பித்தேன். வராந்தாவில் பேச்சுக் குரல் கேட்டது. டவராவைக் கையருகே இருந்த எதன்மேலோ வைத்துவிட்டு, வெளிச்சம் படாமல் கருவிகள்மேல் போடுகிற கறுப்புத் துணியை இழுத்து மூடிவிட்டு, வாசலுக்கு ஓடினேன். நாக்குக்கு அடிமையானால் இப்படித்தான்.

வரிகள் வரவில்லை. இரண்டு மணி நேரம் திருகினேன். குழுவில் ஒரு பெரியவர் கொட்டாவி விட்டார். எங்கள் துறைத்தலைவர் என் காதருகே வந்து, நேற்று இருந்தது இன்று எங்கே போனது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். நான் இஸ்மாயிலைக் கைகாட்டினேன். "காலையில் என்னிடம் கேட்காமல் நுனியைத் திரும்ப வெட்டியிருக்கிறான். நீளம் மாறிவிட்டது" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. மழைக்கு ஒதுங்குகிற மாதிரி அந்தப் பொய்க்குள் ஒதுங்கினேன். இஸ்மாயில், "நான் வெட்டலயே சார், வெட்டியிருந்தா துண்டு இருக்குமே" என்றான். "கீழே விழுந்திருக்கும், தேடு" என்றேன். அவன் அத்தனை பேருக்கும் முன்னால் முழங்கால் போட்டு, டார்ச்சை வைத்துக்கொண்டு, இல்லாத துண்டைத் தரையில் தேட ஆரம்பித்தான்.

குழு போன பிறகும் அவன் தேடிக்கொண்டிருந்தான். நான் கறுப்புத் துணியை விலக்கினேன். இரண்டாவது இழைப் பெட்டியின் மூடிமேல் டவரா. பாதிக் காப்பி, மேலே ஆடை. எடுத்தபோது மூடியில் வட்டமாக ஒரு கறை. கண்ணாடி இழை சூடுபட்டால் ஒளி நடக்கிற தூரம் கூடும். ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டர் இழைக்கு எவ்வளவு கூடும் என்பதை வகுப்பெடுத்துச் சொல்லக் கூடியவன் நான். அவன் மேஜைக்கு அடியில் என் காலருகே குனிந்திருந்தான். அவன் தலைக்கு மேலேதான் அந்த டவராவை எடுத்துப் பையில் போட்டேன். கறையைக் கைக்குட்டையால் துடைத்தேன். இதை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அது அவள் கொடுத்த டவரா.

மறுநாள் காலை தனியாகப் போய் விளக்கைப் போட்டேன். எட்டு புள்ளி நாற்பத்திரண்டில் வரிகள் நின்றன, எதுவுமே நடக்காத மாதிரி. ஓரிழை வெட்டுப்பட்டிருந்தாலும் அந்த எண் திரும்ப வந்திருக்காது. இஸ்மாயிலை அந்த வாரமே அனுப்பினார்கள். கடிதத்தில் அஜாக்கிரதை என்று போட்டிருந்தது. நான் குறிப்பேட்டில் 'நீளம் சரிசெய்யப்பட்டது' என்று எழுதினேன். கட்டுரை வெளிவந்தது. அதை வைத்துத்தான் செப்டம்பரில் வெளிநாட்டுக்குப் போகப்போகிறேன். அது நல்லபடியாக நடக்க வேண்டும் என்று கீழப்பாவூர் நரசிம்மருக்கு அர்ச்சனை செய்துவிட்டுத்தான் குற்றாலத்துக்கு வந்திருந்தேன்.

சைதூன் பீவி கடையின் உள்ளிருந்து கண்ணாடி கிளாஸில் டீ கொண்டுவந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு புருஷனை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு என்னிடம் நேராகவே பேசினாள்.

"சார், நீங்க ஒரு வார்த்த சொல்லணும். இவுக அண்ணன் அபுதாபியில விசா எடுத்து வச்சிருக்காவ. டெலிபோனுக்குக் கண்ணாடி ஒயரு போடுதாவளாம், அத வெட்டி ஒட்டுததுக்கு ஆளு தேடுதாவ. இவுக அந்த வேல தெரிஞ்சவுகதான? போவ மாட்டேங்காவ. இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லலன்னா வேற ஆளுக்குப் போயிரும்."

"நீ உள்ள போ சைதூன்."

"போறேன். சீசன் முடிஞ்சா இந்தக் கடையுங் கெடையாது. அதயுஞ் சொல்லிட்டுத்தான் போவேன். நீங்க சொன்னா கேப்பாவ சார். ஒங்க பேரச் சொல்லாத நாளு கெடையாது."

அவள் உள்ளே போனாள். நான் டீயைப் பார்த்துக்கொண்டு, "ஏன் இஸ்மாயில், போறதுக்கென்ன?" என்றேன். கேட்கிற தைரியத்தைப் பாருங்கள்.

அவன் விளக்கின் முறிந்த நுனிகளைக் காட்டினான். "இத வெட்டி விட்டா பளிச்சினு இருக்கும் சார். கூட ரெண்டு பேரு வாங்குவான். தெரியத்தான் செய்யுது. ஆனா கை போவ மாட்டேங்கு."

"ஏன்?"

"மொதல்ல நான் வெட்டலன்னுதான் நெனச்சேன். ஒங்க மேல வருத்தமாக்கூட இருந்திச்சு, சொல்லுதேன். ஊருக்கு வந்து யோசிச்சிப் பாத்தேன். சார் பொய் சொல்லுத ஆளில்ல. அப்ப நான்தான வெட்டியிருக்கணும்? எனக்கே தெரியாம என் கை ஒரு காரியத்தச் செஞ்சிருக்கு. அந்தக் கைய நம்பி அடுத்தவன் ஊர்ல போயி எப்படி நிப்பேன்? ஒங்களுக்குத் தலகுனிவு வாங்கிக் குடுத்தேன். அண்ணனுக்கும் வாங்கிக் குடுக்கவா?"

டீ கிளாஸைக் கையருகே எதன்மேலோ வைத்தேன். இரண்டு வருடமாக அவன் என்னைத் திட்டிக்கொண்டிருப்பான் என்று நினைத்திருந்தேன். ஊருக்கு வரும்போது தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்காமல் பாவூர்சத்திரத்தில் இறங்கி வீட்டுக்குப் போனதெல்லாம் அதற்குப் பயந்துதான். அவனோ என் அவமானத்தையும் சேர்த்து எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"பொறவு வரி வந்திச்சா சார்?"

"வந்தது."

"எந்த ரீடிங்ல?"

சாதாரணமாகத்தான் கேட்டான். ஆனால் அவனுக்கு வேறு எந்த விளக்கமும் வேண்டியதில்லை. அந்த ஓர் எண்ணைச் சொன்னால் போதும். மிச்சத்தை அவனே கணக்குப் போட்டுக்கொள்வான். பழைய எண்ணென்றால் அவன் வெட்டவில்லை. வேறு எண்ணென்றால் வெட்டினான்.

"ஒன்பது சொச்சம்" என்றேன். "சரியா ஞாபகமில்ல."

அவன் மெல்லத் தலையாட்டினான். உதடு அசைந்தது, கழித்துப் பார்க்கிறான். "அப்ப நல்ல துண்டாத்தான் வெட்டியிருக்கேன்" என்றான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது, நோய் இன்னதென்று டாக்டர் சொல்லிவிட்ட நிம்மதி. நான் சோப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு, குளித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்துவிட்டேன். டீ பாதி அப்படியே இருந்தது.

பேரருவியில் நல்ல கூட்டம். போலீஸ்காரர் விசில் ஊதி ஊதி ஆட்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கொடுத்தேன். தண்ணீர் முதுகில் அடித்த அடியில் மூச்சு முட்டியது. பக்கத்தில் ஒரு தொந்திக்காரர் 'ஆ ஊ' என்று கத்திக்கொண்டு என் காலை மிதித்தார். அந்த இரைச்சலில் நானும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்: எட்டு புள்ளி நாற்பத்திரண்டு. யாருக்கும் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். தொந்திக்காரர் மட்டும் திரும்பி, "என்ன அண்ணாச்சி?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன்.

ஒன்றுமில்லைதான். அருவியிலிருந்து நேரே ஜாகைக்கு ஒரு பாதை போகிறது. கடைத்தெரு பக்கம் தலைகாட்டாமல் போய்விடலாம். செப்டம்பரில் விமானம் ஏறிவிடலாம். அவன் அடுத்த சீசனுக்கு இருப்பானோ என்னமோ. இரண்டு வருடமாக எனக்குப் பழகிய பாதைதான் அது. அதில் பத்தடி நடக்கவும் செய்தேன். எண்ணெய் முழுக்கப் போகவில்லை, உடம்பில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. முழங்கால் போட்டுக் குனிந்திருந்த அவனுடைய முதுகு ஞாபகம் வந்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் தரையைத் தடவினான். ஒன்பது சொச்சம் என்று சொல்லி, இன்றைக்கு அவனைத் திரும்பவும் அந்தத் தரையில் குனிய வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இது எனக்கே தாங்கவில்லை. திரும்பி நடந்தேன்.

கடையில் அவன் யாரோ ஒருவருக்குத் தைலப் பாட்டிலைப் பொதிந்து கொடுத்துக்கொண்டிருந்தான். ஆள் போகும்வரை ஈரத் துண்டோடு நின்றேன்.

"எட்டு புள்ளி நாப்பத்திரண்டு" என்றேன்.

"என்ன சார்?"

"மறுநா காலையில வரி வந்த எடம். அதே எட்டு நாப்பத்திரண்டு. ஒன்பதுன்னு சொன்னது பொய்."

உள்ளே சைதூன் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"அப்ப துண்டு?"

"துண்டே கெடையாது இஸ்மாயில். நீ வெட்டல. நான் உள்ள வச்சு காப்பி குடிச்சேன். ஆளு வர்ற சத்தம் கேட்டு டவராவ ரெண்டாம் பெட்டி மேல வச்சிட்டேன். இழை சூடாயிட்டு. அவங்க போனதும், நீ கீழ தேடிட்டிருக்கும்போதே பாத்துட்டேன். பாத்து, எடுத்து ஒளிச்சு வச்சேன்."

வார்த்தைகள் வெளியே வந்துவிட்டன. இலேசாகும் என்று சொல்வார்களே, அப்படி எதுவும் ஆகவில்லை. துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக் காலடியில் தேங்கியது. அவ்வளவு பேர் போகிற தெருவில் முக்கால்வாசி அம்மணமாக நிற்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அவன் தன் வலது கையை ஒரு தடவை பார்த்தான். பார்த்துவிட்டு வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"நான் கீழ இருக்கும்போதா சார்?" என்றான். "கீழ இருக்கும்போதேவா?"

"ஆமா."

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். சைதூன் வாசற்படி வரைக்கும் வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத எனக்கு மனம் இல்லை.

இஸ்மாயில் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்தான். "இப்ப சொன்னிய பாருங்க, அத ஆபீசுக்கு எழுதுங்க சார்" என்றான். "அஜாக்கிரதன்னு போட்டிருக்க கடுதாசி எங்க வீட்டுப் பொட்டியில கெடக்கு. எங்க வாப்பா மவுத்துக்கு முந்தி படுக்கையில கெடக்கும்போது அதப் படிக்கச் சொல்லிக் கேட்டாவ. நான் படிச்சிக் காட்டுனேன்."

பேனாவை வாங்கினேன். இந்தத் தாள் பெங்களூர் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கட்டுரை, செப்டம்பர், எல்லாம். 'ஐயா' என்று எழுதுவதற்குள் தலையிலிருந்து ஒரு சொட்டு விழுந்து மை பரவியது. வேறு தாள் கொடுத்தான். அதில் முதல் வரியிலேயே எழுத்து கோணிக்கொண்டு போனது. குளிர் என்று சொல்லத்தான் ஆசை.

"குடுங்க. நான் எழுதுதேன். நீங்க சொல்லுங்க" என்றான்.

நான் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். தேதி, அறை, டவரா, இரண்டாம் பெட்டி, எட்டு புள்ளி நாற்பத்திரண்டு. ஓர் இடத்திலும் அடித்தல் திருத்தல் இல்லை. அந்த நோட்டில் துண்டுகளுக்குக் கீழே எழுதுவானே, அதே சின்ன, நேரான எழுத்து. 'மேஜைக்கு அடியில் அவர் தேடிக்கொண்டிருந்தபோது' என்ற இடத்தில் மட்டும் பேனா ஒரு நொடி நின்றது. பிறகு அதையும் எழுதினான். சைதூன் அவன் எழுத்தைப் பார்க்கவில்லை. எழுதுகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுதி முடித்ததும் கையெழுத்துக்கு இடம் விட்டுத் தாளை என் பக்கம் திருப்பினான். மேஜையில் என்னுடைய டீ கிளாஸ் இன்னும் இருந்தது. குளிக்கப் போகுமுன் நான் வைத்தது. விளக்கின் அட்டைப்பெட்டி மேல் வைத்திருக்கிறேன். அவன் கிளாஸை எடுத்துக் கீழே தரையில் வைத்தான். பெட்டியின் மேல் இருந்த ஈர வட்டத்தைச் சட்டைக்கையால் துடைத்தான். காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் தாளை வைத்து, பேனாவை என்னிடம் நீட்டினான்.